பாதி விலை என்பது மலிவு விலை அல்ல

எஃகு, சிமெண்ட், சர்க்கரை, அலுமினியம் போன்ற துறைகளில் ஒரு பங்கு மளமளவென்று சரிந்ததும் ஒரு யோசனை கிளம்பிவிடும்: "நல்ல கம்பெனி, பாதி விலைக்குக் கிடைக்கிறது. பி.இ. மூன்றோ நான்கோதான். வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள், ஏறாமலா போய்விடும்?" ஆடித் தள்ளுபடியில் புடவை எடுப்பதுபோல் பங்கு வாங்கச் சொல்லும் யோசனை இது. புடவை தள்ளுபடியிலும் அதே புடவைதான். லாபம் கரைந்துகொண்டிருக்கும் கம்பெனி அப்படியல்ல. அந்த யோசனையின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

சோதித்துப் பார்க்க நல்ல உதாரணம் ஹெச்.இ.ஜி. போபால் அருகே மண்டிதீப்பில் ஆலை வைத்திருக்கும் இந்தக் கம்பெனி, மின்வில் உலைகளில் பழைய இரும்பை உருக்கத் தேவையான கிராஃபைட் எலக்ட்ரோடுகளைச் செய்கிறது. 2017-ல் சீனா மாசு கக்கும் ஆலைகளை மூடத் தொடங்கியதும் உலகெங்கும் எலக்ட்ரோடுக்குத் தட்டுப்பாடு வந்தது. டன் 2,500 டாலரை ஒட்டி விற்றது 10,000 டாலரைத் தாண்டியது. 2017 தொடக்கத்தில் 250 ரூபாய்க்கும் கீழே இருந்த பங்கு, 2018 அக்டோபரில் 4,900 ரூபாயை எட்டியது. (2024-ல் பங்கு ஐந்தாகப் பிரிக்கப்பட்டதால் இன்றைய சார்ட்டில் இந்த எண்கள் வேறாகத் தெரியும்.)

1. "பாதி விலைக்கு வந்துவிட்டது"

எதில் பாதி என்று கேட்க வேண்டும். உச்சத்தில் பாதியான 2,450 ரூபாய், 2017 தொடக்க விலையைப்போல் பத்து மடங்கு. அந்த விலையில் 'மலிவு' என்று வாங்கியவர், 2019-க்குள்ளேயே முதலீட்டில் பாதிக்கு மேல் இழந்தார். 2020 மார்ச்சில் பங்கு 500-க்கும் கீழே போனது. கடைசி அடிக்குக் கொரோனாவைக் காரணம் சொல்லலாம், அதற்கு முந்தைய சரிவுக்குச் சொல்ல முடியாது. தட்டுப்பாட்டில் எகிறிய விலையை அளவுகோலாக வைத்தால், அதிலிருந்து எவ்வளவு இறங்கினாலும் மலிவாகத்தான் தோன்றும்.

2. "பி.இ. மூன்றுதான்"

இதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கும் வாதம். 2018-19-ல் ஹெச்.இ.ஜி.யின் நிகர லாபம் சுமார் 3,000 கோடி. பங்கு ஒன்றுக்கு 750 ரூபாய்க்கு மேல். 2,450 ரூபாய் விலையில் பி.இ., அதாவது விலையை அந்த லாபத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், மூன்றை ஒட்டித்தான் வரும். அடுத்த ஆண்டே லாபம் நூறு கோடிக்கும் கீழே விழுந்தது. 2020-21-ல் நஷ்டம். ஆக, 500 ரூபாய்க்கு இறங்கியபோது அதே பங்கின் பி.இ. இருபத்தைந்துக்கும் மேல். விலை ஐந்தில் ஒன்றானது, பி.இ. எட்டு மடங்குக்கு மேல் கூடியது!

லாபம் இவ்வளவு வேகமாகக் காணாமல் போவதற்குக் காரணம் கையிருப்பு. எலக்ட்ரோடுக்கு மூலப்பொருள் நீடில் கோக். விற்பனை விலை ஏறும்போது, முன்பு மலிவாக வாங்கிய கோக் கையில் இருக்கும். லாபம் ஊதிப் பெருகும். விலை இறங்கும்போது உச்ச விலையில் வாங்கிய கோக் கிடங்கில் கிடக்கும். லாபம் இரண்டு பக்கமும் அடிபடும். இத்தகைய துறையில் போன வருட லாபத்தை வைத்துப் போடும் பி.இ. எதையும் சொல்லாது. எட்டு, பத்து வருடச் சராசரி லாபத்தை வைத்துப் போட்டால் ஏதோ சொல்லும்.

3. "கம்பெனியே தன் பங்கைத் திரும்ப வாங்குகிறதே"

ஹெச்.இ.ஜி.யும் வாங்கியது. 2018 இறுதியில் பங்கு ஒன்றுக்கு 5,500 ரூபாய் என்று 750 கோடிக்கு பைபேக் அறிவித்தது. தொழிலைப் பல்லாண்டு நடத்தியவர்களுக்கே உச்சம் எது என்று பிடிபடவில்லை. பைபேக் நிர்வாகத்தின் நம்பிக்கையைக் காட்டும். எலக்ட்ரோடின் விலையைத் தீர்மானிப்பது அந்த நம்பிக்கை அல்ல.

4. "புத்தக மதிப்புக்கும் கீழே கிடைக்கிறது"

ஊது உலையில் இரும்பைத் தவிர வேறு எதையும் செய்ய முடியாது. இரும்பில் லாபம் இல்லையென்றால், கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும் உலையின் மதிப்பு வெறும் எழுத்துதான். பூஷன் ஸ்டீல் என்ற எஃகுக் கம்பெனிக்கு வங்கிகள் கொடுத்திருந்த கடன் ஏறத்தாழ 56,000 கோடி. திவால் சட்டத்தின்கீழ் 2018 மே மாதம் டாடா ஸ்டீல் அந்தக் கம்பெனியை எடுத்தபோது வங்கிகளின் கைக்கு வந்தது சுமார் 35,200 கோடி. புதிதாக வெளியிட்ட பங்குகள் மூலம் 72.65 சதவீதம் டாடாவிடம் போனது. முதலில் பணம் வாங்கும் உரிமையுள்ள வங்கிக்கே முழுசாகக் கிடைக்காதபோது, வரிசையில் கடைசியில் நிற்கும் பங்குதாரருக்கு என்ன கிடைக்கும்?

5. "தேவை குறையவே குறையாது"

குறையாது, உண்மைதான். விலையை ஆட்டிப்படைப்பது சப்ளை. சீனா மட்டும் ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டன் எஃகு செய்கிறது. உள்ளூரில் விற்காதது துறைமுகம் தாண்டி வரும்போது, நம் ஊர்த் தேவை எவ்வளவு கூடினாலும் விலை இறங்கும். அரசின் கை வேறு இருக்கிறது. 2022 மே மாதம் எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி விதிக்கப்பட்டதும் எஃகுப் பங்குகள் ஒரே நாளில் சரிந்தன. சர்க்கரையில் இது இன்னும் வெளிப்படை. கரும்புக்கு மத்திய அரசு நிர்ணயித்த விலை 2018-19-ல் குவிண்டாலுக்கு 275 ரூபாய். 2024-25-ல் 340 ரூபாய். 2019-ல் கிலோவுக்கு 31 ரூபாயாக வைத்த சர்க்கரையின் குறைந்தபட்ச விற்பனை விலையோ அந்த ஆண்டுகளில் நகரவே இல்லை. நாட்டில் இனிப்பு சாப்பிடுபவர் குறைந்துவிட்டார்களா என்ன?

6. "சுழற்சிதானே, திரும்பும்"

ஆறு வாதங்களில் பாதியளவாவது நிற்பது இது ஒன்றுதான். சுழற்சி திரும்பும், அதுவரை கம்பெனி உயிரோடு இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் லாபம் கரைந்துபோயிருந்த ஹெச்.இ.ஜி.யை 500 ரூபாய்க்கு வாங்கியவர், 2021-ல் 2,000 ரூபாய்க்கு மேல் பார்த்தார். கம்பெனிக்கு நீண்டகாலக் கடன் இல்லை, கையில் பணம் இருந்தது. அதனால் நஷ்ட வருடத்தைத் தாண்டியது. பூஷன் ஸ்டீலின் ஆலைக்கும் நல்ல காலம் வந்தது, எஃகு விலை ஏறிய 2021-ல். அந்த லாபத்தின் பெரும்பங்கு புதிய உரிமையாளருக்கு.

ஆகவே, விழுந்த கமாடிட்டிப் பங்கை வாங்கத் தோன்றினால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒரு டன் தயாரிக்க இந்தக் கம்பெனிக்கு ஆகும் செலவு போட்டியாளர்களைவிடக் குறைவா? லாபமே இல்லாமல் இரண்டு வருடம் வட்டி கட்ட முடியுமா? துறையில் ஆலைகளை மூடுகிறார்களா, இன்னும் புதிது கட்டிக்கொண்டிருக்கிறார்களா? இவற்றுக்கு ஆண்டறிக்கையில் விடை தேடாமல், விலை இறங்க இறங்க 'ஆவரேஜ்' செய்துகொண்டே போகாதீர்கள். மூன்றுக்கும் சாதகமான பதில் கிடைத்து, பி.இ. பயமுறுத்தும் அளவுக்கு உயர்ந்தோ கணக்கிடவே முடியாமலோ இருந்தால், அப்போது தயங்காமல் வாங்குங்கள்.