எந்த நாட்டுச் சொல், எந்தக் காலத்துச் சொல்?

மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் வாஷிங்டனில் ஆற்றிய உரையை ஆங்கிலப் பாடமாகப் படித்தவர்கள் நம்மில் பலர். அந்த உரையில் அவர் தம் மக்களைப் பலமுறை 'நீக்ரோ' என்றே குறிப்பிடுகிறார். பாடம் நடத்தும் ஆசிரியரும் அதையே சொல்கிறார். நோட்ஸிலும் அதுதான், விடைத்தாளிலும் அதுதான். படிப்பு முடித்து ஐ.டி. வேலைக்குப் போகும் பிள்ளை, அட்லாண்டா வாடிக்கையாளரோடு பேசும்போது அந்தச் சொல்லை உதிர்த்துவிட்டால், "கிங்கே சொல்லியிருக்கிறாரே" என்ற சமாதானம் எடுபடாது.

கிங் பேசிய நாளில் அது மரியாதைச் சொல். அதன் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிட வேண்டும் என்று கறுப்பினத்தவர் நெடுங்காலம் போராடினார்கள். நியூயார்க் டைம்ஸ் 1930-இல்தான் இணங்கியது. 1966-இல் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல் 'பிளாக் பவர்' என்று முழங்கிய பிறகு காற்று திசை மாறியது. இளைஞர்கள் 'பிளாக்' என்பதைப் பெருமையோடு எடுத்துக்கொள்ள, 'நீக்ரோ' பழைய அடிமைக்காலத்தின் வாடை வீசும் சொல்லாகிப் போனது. 1988-இல் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் 'ஆப்பிரிக்கன் அமெரிக்கன்' என்பதை முன்னிறுத்தினார். இத்தனைக்குப் பிறகும் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் 'நீக்ரோ' ஒட்டிக்கொண்டிருந்தது. 2016-இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஒரு சட்டம், கூட்டாட்சிச் சட்டப் பிரிவுகளிலிருந்து அதையும் 'ஓரியன்டல்' என்பதையும் நீக்கியது. 2020-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், 'பிளாக்' என்பதன் முதலெழுத்தைப் பெரிதாக எழுதத் தொடங்கியது.

இந்தக் கதை பாடக்குறிப்பில் வருவதில்லை. அகராதியும் பொருளைச் சொல்கிறதே தவிர, சொல்லின் வயதைச் சொல்வது அரிது.

அப்படியானால் ஆகாத சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிடலாமா? பலருக்கும் தோன்றும் யோசனைதான். ஆனால் பயன் குறைவு. ஒரு நாட்டில் வசையாக இருப்பது இன்னொரு நாட்டில் அரசாங்கச் சொல். கறுப்பின நடிகர்களைக் 'கலர்ட்' என்று சொன்னதற்காக பிரிட்டிஷ் நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச் 2015-இல் மன்னிப்புக் கேட்டார். 2020-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத் தலைவர் கிரெக் கிளார்க் அதே சொல்லில் மாட்டிப் பதவி விலகினார். தென்னாப்பிரிக்காவிலோ அது இன்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள ஒரு பிரிவு. தங்களை அப்படியே அழைத்துக்கொள்ளும் மக்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 'ஏஷியன்' என்றால் லண்டனில் பெரும்பாலும் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர். அமெரிக்காவில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சீனர், கொரியர், ஜப்பானியர். 'ஓரியன்டல்' என்பதை மனிதர்மேல் ஒட்டுவதுதான் குற்றம். சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் ஆங்கிலப் பெயரில் அது இருப்பதால் யாரும் நோகப்போவதில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 'பாக்கி'. பாகிஸ்தானியர் என்பதன் சுருக்கம்தானே என்று கிரிக்கெட் பேச்சில் இங்கே சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. பிரிட்டனில் அது காறித் துப்பும் வசை. 1970-களில் அந்தச் சொல்லைக் கூவிக்கொண்டே தெற்காசியர்களை அடித்தார்கள். அடி வாங்கியவர் லாகூர்க்காரரா, பஞ்சாபியா, தமிழரா என்று அடித்தவர் விசாரிக்கவில்லை. யார்க்ஷயர் கிரிக்கெட் அணிக்கு ஆடிய அசீம் ரஃபீக் 2021-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் அளித்த சாட்சியத்தில் இந்தச் சொல் மறுபடி மறுபடி வந்தது. லண்டனுக்குப் போகும் மாணவருக்கு இதைச் சொல்லித் தராத ஆங்கில வகுப்பு, இலக்கணத்தை மட்டும் திருத்தி என்ன பயன்?

இலக்கணமும் இதற்குள் இருக்கிறது. 'பிளாக்' என்பதைப் பெயரடையாகச் சொன்னால் இயல்பு. 'எ பிளாக்' என்று பெயர்ச்சொல்லாக்கி ஒரு மனிதரைச் சுட்டினால் காதில் உறுத்தும். தேர்வில் கேட்கப்படும் பல நுணுக்கங்களைவிட வெளியுலகில் இது அதிகம் உதவும்.

பழைய நூல்களை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் மிகக் கொடிய சொல் இருநூறுக்கும் மேற்பட்ட முறை வருகிறது. 2011-இல் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்டு ஒரு பதிப்பு வெளியிட்டது. அது வேண்டாத வேலை. அந்தச் சமூகம் ஒரு மனிதனை எப்படிக் கூப்பிட்டது என்பதைக் காட்டத்தான் ட்வைன் அதை எழுதினார். அழித்தால் குற்றம் செய்தவனுக்குத்தான் வசதி. அதே சமயம், நூலில் இருப்பதாலேயே ஆசிரியர் அதை வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அச்சில் இருப்பது இருக்கட்டும். ஆசிரியரின் சொந்த வாக்கியத்தில் இன்றைய சொல் வரட்டும்.

சொல்லை மட்டும் மாற்றினால் போதாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2020 ஜூனில் மேற்கு வங்கத்தின் பர்தமானில், மழலையர் எழுத்துப் புத்தகம் ஒன்றில் 'அக்ளி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கறுப்பு நிற மனிதரின் படம் இருந்தது தெரியவந்து, இரண்டு ஆசிரியைகள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அங்கே இனப்பெயர் எதுவும் அச்சாகவில்லை. சிவப்பழகு கிரீம் விளம்பரம் பார்த்து வளர்ந்த நாட்டில் அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று துப்பறியத் தேவையில்லை.

பாடநூல் தயாரிப்பவர்கள் செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. கிங்கின் உரைக்குக் கீழே நாலு வரிக் குறிப்பு: இந்தச் சொல் எந்தக் காலத்தில் வழங்கியது, ஏன் கைவிடப்பட்டது, இன்று அந்த மக்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள். 'ரெட் இந்தியன்', 'எஸ்கிமோ' வரும் பாடங்களுக்கும் அப்படியே. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் அந்த நாலு வரியைச் சேர்த்துவிடுங்கள்.