வலிக்கு மருந்து உண்டு, வாங்கத்தான் பயம்!

மதுரையிலிருந்து தேனி போகும் ரோட்டில் இருக்கிறது நாகமலை புதுக்கோட்டை. பாம்பு படுத்திருப்பது போல நீண்டு கிடக்கும் மலை. அதன் அடியில் ஊர்.

அங்கே ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்குப் புற்றுநோய். எலும்பு வரை பரவிவிட்டது. "இனி வைத்தியம் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். பகல் எப்படியோ கழிகிறது. இரவில் அவர் போடும் சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் தூக்கம் இல்லை.

நோய்க்கு வைத்தியம் இல்லை, சரி. வலிக்குமா இல்லை?

உண்டு. விலையும் குறைவு. அதன் மூலப்பொருள் விளைவதும் இந்தியாவில்தான். ஆனாலும் பல வீடுகளுக்கு அது வந்து சேருவது இல்லை. ஏன்?

இரண்டு வகை வலி

முள் குத்தினால் வலிக்கிறது. மனிதன் உடனே காலைத் தூக்கிவிடுகிறான். எலும்பு முறிவு, ஆபரேஷன் ஆகியவற்றால் வரும் வலியும் இப்படித் திடீரென்று வருவதுதான். புண் ஆறினால் போய்விடும். அதற்காக, "பொறுத்துக்கொள்" என்று விட்டுவிடக் கூடாது. வலிக்குப் பயந்து இருமாமல், மூச்சை நன்றாக இழுத்து விடாமல் படுத்திருந்தால் நெஞ்சில் சளி கட்டும்.

3 மாதத்துக்கு மேல் நீடிப்பது நாள்பட்ட வலி. முதுகுவலி, மூட்டுவலி, சர்க்கரை வியாதிக்காரரின் பாத எரிச்சல் எல்லாம் இந்த வகை. முதுகுக்கும் மூட்டுக்கும் உடற்பயிற்சி வேண்டும். நரம்பு எரிச்சலுக்குத் தனி மாத்திரை இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் கடையில் வலி மாத்திரை வாங்கி, மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும்.

புற்றுநோய் வலிக்கு 1986-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழி சொன்னது. மாடிப்படி போல 3 படிகள். லேசான வலிக்குப் பாராசிட்டமால். அது கேட்காவிட்டால் கோடீன் போன்ற மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் மார்பின்.

500 கிலோ 18 ஆனது!

மார்பின் அபினிலிருந்து எடுக்கப்படுகிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில், மத்திய அரசாங்கத்தின் லைசென்சு பெற்ற விவசாயிகள் கசகசாச் செடி பயிரிடுகிறார்கள். அதன் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அது கப்பல் ஏறி வெளிநாட்டு நோயாளிகளின் வலியைத் தீர்த்தது. உள்ளூர் நோயாளி துடித்துக்கொண்டு கிடந்தார்!

காரணம், 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கள்ளக்கடத்தல்காரர்களைப் பிடிக்க வந்த சட்டம் அது. குறைந்தது 10 ஆண்டு ஜெயில் என்றது. கணக்கில் சின்னப் பிசகு வந்தாலும் மாட்டிக்கொள்வோமோ என்று ஆஸ்பத்திரிகள் நடுங்கின. மார்பின் வாங்க நாலைந்து லைசென்சு தேவைப்பட்டது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி ஆகிவிடும்!

1985-ல் நாட்டில் 500 கிலோவுக்கு மேல் செலவான மார்பின், 1997-ல் 18 கிலோவாகச் சுருங்கியது.

கோழிக்கோடு கணக்கு

இந்தக் கெடுபிடிக்கு நடுவே, 1993-ல் கேரளத்தின் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் வலி தணிப்பு கிளினிக் தொடங்கினார்கள். மார்பின் மாத்திரையை நோயாளியின் வீட்டுக்கே கொடுத்து அனுப்பினார்கள்.

"விற்றுவிட்டால்?" என்று யாருக்கும் சந்தேகம் வரும். கணக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2 ஆண்டுகளில் 1,723 பேருக்கு மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. தவறாகப் பயன்படுத்தியதாகவோ, கைமாறிப் போனதாகவோ ஒரு சம்பவம்கூடத் தென்படவில்லை. இந்தக் கணக்கு 2001-ல் இங்கிலாந்தின் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

2014-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. மார்பின் உள்பட 6 மருந்துகளுக்கு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி ஒன்றே போதும் என்று ஆயிற்று.

கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 1990-களில் தொடங்கி, சாதாரண முதுகுவலிக்குக்கூட இந்த இனத்து மாத்திரைகளை அள்ளிக் கொடுத்தார்கள். மாத்திரையில் தொடங்கிய பழக்கம், கள்ளச்சந்தைப் போதையோடு சேர்ந்து லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது.

வீட்டுக்குள் பயம்

சட்டம் மாறியது. பயம் மாறவில்லை.

"மார்பினா? அப்படியானால் அப்பாவுக்கு முடிவு நெருங்கிவிட்டதா?" என்று மகன் கலங்குகிறார். "மாமா அதற்கு அடிமை ஆகிவிடுவாரே!" என்று மருமகள் தயங்குகிறார்.

டாக்டர் சிறிய அளவில் தொடங்கி, வலிக்குத் தக்கபடி கூட்டுவார். அப்படிக் கொடுக்கும் மருந்து ஆயுளைக் குறைப்பது இல்லை. உடல் அதற்குப் பழகும் என்பது உண்மை. அதனால்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆனால் உடல் பழகுவது வேறு. போதைக்கு அலைவது வேறு. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள்.

இன்னொன்று முக்கியம். வலி ஏறும் வரை காத்திருக்கக் கூடாது. டாக்டர் சொன்ன நேரப்படி, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரை என்றால் பொதுவாக 4 மணிக்கு ஒரு தடவை. மிச்சத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

நர்சு வந்தார், மாத்திரை?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கே நர்சு போய்க் கவனிப்பதும் அதில் சேர்க்கப்பட்டது. கிராமத்துக் குடும்பங்களுக்கு இது பெரிய காரியம்.

ஆனால் மார்பின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைப்பது இல்லை. அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியைத் தேடிப் போக வேண்டும். புண்ணுக்குக் கட்டுப்போட வாசலுக்கே ஆள் வருகிறார். வலி மாத்திரைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

பயிற்சி பெற்ற ஒரு டாக்டர், பூட்டுப் போட்ட ஒரு அலமாரி, ஒழுங்காக எழுதிய ஒரு கணக்குப் புத்தகம். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் இவை இருந்து, அனுமதியும் வாங்கிவிட்டால், மாத்திரையை அங்கேயே கொடுக்கலாம். 2014 திருத்தம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.