சுவரில் வெள்ளக்கோடு எங்கே?

படம் எப்படி என்று கேட்டால் இப்போதெல்லாம் முதலில் வரும் பதில், "விஷுவல்ஸ் வேற லெவல்". ஒரு ஃப்ரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதிலிருந்து பிரித்த ஐந்து நிறக் கட்டங்களைக் கீழே ஒட்டிப் போட்டால் விமர்சனம் முடிந்தது. இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. "கதைதான்யா முக்கியம், செட்டெல்லாம் பெயிண்ட் வேலை" என்கிற பெரியவர்கள் கட்சி. எனக்கு ரெண்டு பேரோடும் சண்டை. பெரியவர்கள் சுவரைப் பார்ப்பதே இல்லை. நம்ம ஆட்கள் பார்க்கிறார்கள், ஆனால் நிறத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்தச் சுவரை யார் காசில் எழுப்பினார்கள், அதற்குள் இருப்பவர் வாடகை கொடுக்கிறாரா வாங்குகிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

'நாயகன்' (1987) படத்தின் தாராவி, சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் போட்ட செட். தோட்டா தரணிக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. "அசல் தாராவி மாதிரியே இருக்கு" என்பதுதான் இன்றுவரை அதற்குக் கிடைக்கும் பாராட்டு. பாராட்டுகிறவர்களில் எத்தனை பேர் தாராவிக்குப் போயிருக்கிறார்கள்? நான் போனதில்லை. எனக்கு அந்த செட் முக்கியமாவது வேறு காரணத்தால். குடியிருப்பை இடிக்க வருகிறார்கள். வேலு தன் ஆட்களோடு போய், இடிக்கக் காரணமான பணக்காரரின் பங்களாவில் கண்ணாடிகளையும் சாமான்களையும் நொறுக்குகிறான். முதல் வீடு எவ்வளவு எளிதில் சரியும் என்று செட் நமக்குக் காட்டியிருப்பதால்தான் இரண்டாவது வீட்டில் கண்ணாடி உடையும் சத்தத்துக்கு அர்த்தம் வருகிறது.

31 வருடம் கழித்து, 'காலா'வுக்காக அதே தாராவியை மறுபடி சென்னையில் கட்டினார்கள், பூந்தமல்லி பக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டியில். அந்தப் படத்தில் நிறமே அரசியல். தூய்மை பேசும் ஹரிதாதாவின் வீடும் உடையும் வெள்ளை. ஐந்து கட்டம் போடுகிறவர் அந்த வெள்ளையைச் சரியாகப் பிடித்துவிடுவார். அந்த வெள்ளை அழுக்காகாமல் இருக்க யாரையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்பது கட்டத்துக்குள் வராது.

என் கட்சிக்கு ஒரு படம் வேண்டுமென்றால் அது பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). ஒளிப்பதிவும் அவரே. அதில் செட் என்று தனியாக எதுவும் இல்லை, ஒரு வீடு படம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்புகிறது. பணம் இருக்கிற அன்றைக்குச் சுவர் ஏறும், இல்லாத அன்றைக்கு நிற்கும். கான்ட்ராக்டர் சிமெண்டில் கை வைக்கிறார். பெயிண்ட் கட்டத்துக்கே வராத அந்தச் சாம்பல் நிறச் சுவர்களுக்கு நடுவில் சொக்கலிங்க பாகவதர் சந்தோஷமாக நடந்து பார்க்கிறார் இல்லையா, அதைவிடச் சிறந்த கலை இயக்கம் தமிழில் எனக்குத் தெரியாது. இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுப் பாருங்கள். நாலு லைக்கு வராது.

இப்போது எங்க ஏரியாவுக்கு வருகிறேன். சினிமாவில் புறநகர் நடுத்தர வீடு என்றால் ஒரு ஃபார்முலா உண்டு: மஞ்சள் விளக்கு, பால்கனியில் மணிபிளாண்ட், தாத்தா காலத்து ரேடியோ, அளவாக உதிர்ந்த சுண்ணாம்பு. பார்க்க அழகுதான். மேற்கு தாம்பரத்திலிருந்து முடிச்சூர் பக்கம் வந்து ஒரு வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். ரோட்டை மேலே மேலே போட்டதில், பழைய வீடுகளுக்குள் படி இறங்கித்தான் போக வேண்டும். புது வீடுகள் இடுப்பளவு உயரத்தில் நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த வீடு என்றால் மோட்டார் மேடை மேல் ஏறியிருக்கும், ஃபிரிட்ஜ் செங்கல் மேல் இருக்கும், பத்திரமும் சர்ட்டிஃபிகேட்டும் பரண் மேல் இருக்கும். அலமாரியின் கீழ்த்தட்டு ஐப்பசி வந்தால் காலி. இதில் ஒன்றைக்கூட வசனத்தில் சொல்ல வேண்டாம், வைத்தால் போதும். வைக்காத படத்தை "நம்ம வீட்டை அப்படியே காட்டிட்டாங்க" என்று நாமே புகழ்கிறோமே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

செய்ய முடியாததா என்ன? 'பார்க்கிங்' (2023) செய்தது. கீழ்வீட்டில் பத்து வருடமாகக் குடியிருக்கும் எம்.எஸ். பாஸ்கர், மாடிக்கு வந்த ஹரிஷ் கல்யாண், நடுவில் ஒரே ஒரு கார் நிற்கும் இடம். மேடவாக்கத்திலும் சேலையூரிலும் தெருவுக்கு நாலு இருக்கும் வீடு அது. அந்தப் படத்தை யாரும் "ஏஸ்தெட்டிக்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தக் காலி இடத்தின் அளவை ரெண்டடி கூட்டினால் கதையே கிடையாது. கலை இயக்கம் கதையைத் தாங்குவது என்றால் எனக்கு அதுதான். இத்தனைக்கும் அங்கே இருப்பது ஒரு சிமெண்ட் தரை.

ஆகவே அடுத்த ஃப்ரேமைப் போடும்போது, நிறக் கட்டங்களோடு ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்: இந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? போரா, லாரியா, கேனா? 'வீடு' படத்தில் அத்தனை பாடுபட்டுக் கட்டிய வீட்டுக்குக் கடைசியில் வந்து நிற்கும் வில்லங்கமே குடிநீர் வாரியத்திடமிருந்துதான். அந்த மனை ஏற்கனவே அவர்கள் கையகப்படுத்தியதாம்.