பனிச்சறுக்கும் பாக்கெட் மணியும்

உக்கடத்துக்காரனுக்குத் தெரிஞ்ச பனி ரெண்டே வகைதான். ஒண்ணு, மார்கழி மாசம் காலங்காத்தால பெரியகுளத்துத் தண்ணி மேல நிக்கறது. இன்னொண்ணு, மீன் மார்க்கெட்ல தெர்மாகோல் பெட்டிக்குள்ள மத்தி மீனுக்கு மேல கொட்டி வெச்சிருக்கறது. இந்த ஊர்ல உட்கார்ந்துகிட்டு, காலேஜ் படிக்கற பசங்க கையில இருக்கற காசுல பனிச்சறுக்குக்கு எப்படிப் போலாம்னு பதிவு போடறவனை நீங்க எப்படிப் பார்ப்பீங்கன்னு தெரியும். பரவாயில்லைங்க, பார்த்துட்டு மேல படிங்க.

என் கட்சி இதுதான். காசு இல்லாதவன் பனிச்சறுக்குக்கு நாலு நாள் போகக் கூடாது. போனா பதினாலு நாள் போகணும். நாலு நாள் போயிட்டு வர்றதுதான் பணக்காரன் வேலை.

கணக்கைப் பாருங்க. கோயமுத்தூர்லேருந்து இமயமலைக்குப் போய்த் திரும்பற செலவு, நீங்க அங்க ஒரு நாள் இருந்தாலும் அதேதான், ஒரு மாசம் இருந்தாலும் அதேதான். ரயில்ல போனா போக வரவே கிட்டத்தட்ட ஒரு வாரம் போயிடும். நாலு நாள் சறுக்கறதுக்கு ஒரு வாரம் ரயிலான்னு யோசிச்சு ஃப்ளைட் புக் பண்றோம். பட்ஜெட்ல பெரிய ஓட்டை அங்கேயே விழுந்துடும். போய் இறங்கினதுக்கு அப்புறம் எல்லாமே நாள் கணக்கு. ரூம் வாடகை, ஸ்கீ வாடகை, பூட்ஸ் வாடகை, சொல்லிக் குடுக்கறவருக்கு, லிஃப்டுக்குன்னு ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடிட்டே இருக்கும். பயந்துகிட்டு நாளைக் குறைப்போம். ஆனா நாலு நாள்ல ஒண்ணும் வராது. விழாம நிக்கறதுக்கும், நினைச்ச இடத்துல நிறுத்தறதுக்குமே அந்த நாலு நாள் சரியாப் போயிடும். சுகம் ஆரம்பிக்கறப்ப நாம டெல்லி பஸ்ல இருப்போம்.

இதைவிடக் கொடுமை நம்ம இன்ஜினியரிங் காலேஜ் ஐ.வி. இன்டஸ்ட்ரியல் விசிட்டாம்! ஏதோ ஒரு ஃபேக்டரி வாசல்ல க்ரூப் போட்டோ, மீதி எல்லாம் குலு மணாலி. மணாலி போற வழியில கடை கடையா ஓவர்கோட்டும் கம் பூட்ஸும் வாடகைக்குக் குடுப்பாங்க. அதை மாட்டிகிட்டு சோலாங் பள்ளத்தாக்குல போய் இறங்கினா, ஒருத்தர் ஸ்கீயைக் காலில் மாட்டி விட்டு, கையைப் பிடிச்சு இருபது அடி இழுத்துட்டுப் போய் விடுவார். போட்டோ. அடுத்த ஆள் வா. மூணாவது வருஷத்துல வீட்ல கெஞ்சி வாங்கின காசு அந்த இருபது அடியில சறுக்கிடும். நான் அந்த வியாபாரிகளைக் குறை சொல்லலைங்க, அவங்க பொழப்பு அது. அதை 'ஸ்கீயிங் பண்ணிட்டேன்'னு வந்து சொல்றவனைத்தான் சொல்றேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். நாள் கணக்கு மீட்டரை நிறுத்தறதுக்கு நம்ம நாட்டுல ஒரு வழி இருக்கு. அரசாங்கப் பயிற்சி. மணாலியில 1961லேருந்து இருக்கற மலையேற்றப் பயிற்சி நிலையம் (இப்ப அடல் பிகாரி வாஜ்பாய் பேர்ல இருக்கு), குல்மார்க்ல மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட ஸ்கீயிங் மற்றும் மலையேற்ற நிலையம், உத்தராகண்ட்ல ஔலியில கட்வால் மண்டல் விகாஸ் நிகம். மூணு இடத்துலயும் குளிர்காலத்துல ரெண்டு வாரம் போல அடிப்படைப் பயிற்சி நடத்தறாங்க. மணாலியிலும் குல்மார்க்கிலும் ஒரே கட்டணத்துல தங்க இடம், மூணு வேளை சாப்பாடு, ஸ்கீ, பூட்ஸ், பயிற்சியாளர் எல்லாம் அடக்கம். தொகையை இங்க எழுதலை. வருஷா வருஷம் மாறும், அவங்கவங்க தளத்துலயே இருக்கு. ஆனா அதைப் பதினாலால வகுத்துப் பாருங்க. அந்த ஒரு நாள் காசுக்கு மணாலியில சீசன் நேரத்துல ரூமோட சேர்த்து வாடகை ஸ்கீயும் கிடைக்குமான்னு விசாரிச்சும் பாருங்க.

சொகுசு எதிர்பார்க்காதீங்க. பொது அறையில படுக்கை, காலைல சீக்கிரம் எழுப்பிவிட்டு உடற்பயிற்சி, ராஜ்மாவும் ரொட்டியும். நம்ம ஊரு ஹாஸ்டலைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

காலேஜ் முடிச்சப்போ ஒரு கம்பெனி ஆஃபர் லெட்டரைக் கையில குடுத்துட்டு, மாசக்கணக்கா 'ஜாயினிங் டேட் சொல்றோம்'னு இழுத்தடிச்சுது. அந்த ஜனவரியிலதான் நான் மணாலி போனேன். முதல் மூணு நாள் லிஃப்ட் பக்கமே விடலை. ஸ்கீயைப் பக்கவாட்டில வெச்சுப் படி ஏறற மாதிரி மேட்டுல ஏறணும், சறுக்கி இறங்கணும், விழணும், மறுபடி ஏறணும். முன்பக்க நுனி ரெண்டையும் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, ஏர்க்கலப்பை மாதிரி வெச்சு வேகத்தைக் குறைக்கறதுதான் முதல் பாடம். ஒரு வாரம் கழிச்சு ஒரு சாயங்காலம் வளைஞ்சு வளைஞ்சு கீழ வரைக்கும் விழாம வந்தேன் பாருங்க... அதை எழுத்துல சொல்ல எனக்கு வராது, விடுங்க. சொல்ல வந்தது என்னன்னா, கத்துக்கறவனுக்கு ஒரு சின்ன மேடு போதும். குல்மார்க் கொண்டோலா கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்துல அஃபர்வாட் வரைக்கும் போகுதுங்கறது பெரிய விஷயம்தான். ஆனா ஏர்க்கலப்பை ஓட்டறவனுக்கு அந்த டிக்கெட் தண்டச் செலவு.

எந்த இடம்னு கேட்டா என் ஓட்டு மணாலிக்கு. பனி குல்மார்க்லதான் ஒசத்தி, ஒத்துக்கறேன். ஆனா கத்துக்கறவனுக்கு எந்தப் பனியும் பனிதான், வழிதான் முக்கியம். இங்கிருந்து வாராந்திர கொங்கு எக்ஸ்பிரஸ்ல ஏறினா ரெண்டு ராத்திரி, நிஜாமுதீன். அங்கிருந்து காஷ்மீரி கேட் பஸ் ஸ்டாண்ட் போய் ஹிமாச்சல் அரசுப் பஸ்ல ஒரு ராத்திரி, மணாலி. வோல்வோ வேண்டாம், சாதா பஸ்ஸே போகுது. முதுகு கொஞ்சம் பேசும், அவ்வளவுதான். குல்மார்க்னா கன்னியாகுமரியிலிருந்து கோவை வழியா ஜம்மு பக்கம் போற ஹிம்சாகர் இருக்கு. வாரம் ஒரு தடவை, ரெண்டரை நாள் உட்காரணும். முன்னெல்லாம் ஜம்முவுக்கு அப்புறம் பனி பெஞ்சு ஹைவேயை மூடினா அம்போதான். 2025 ஜூன்ல கட்ரா - ஸ்ரீநகர் ரயில் வந்தது இந்த விஷயத்துல பெரிய உதவி. ஔலிக்கு ரிஷிகேஷ்லேருந்து ஒரு முழுப் பகல் மலைப் பாதை. அடிவாரத்து ஜோஷிமட் ஊரே 2023 ஜனவரியில நிலம் புதைஞ்சு, வீடு வீடா விரிசல் விட்டு, ரோப்வேயையும் நிறுத்தினாங்க. ஊர் நிலைமையை விசாரிக்காம அங்க கிளம்பாதீங்க.

ரெண்டு ரயில் குறிப்பு. 2024 நவம்பர்லேருந்து முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடிதான், 120 நாள் கிடையாது. ஜனவரிக் கடைசியில கிளம்பணும்னா நவம்பர் கடைசியில உஷாரா இருக்கணும். இன்னொண்ணு, வடக்க ஜனவரி மூடுபனியில ரயில் எத்தனை மணி நேரம் லேட் ஆகும்னு கடவுளுக்கே தெரியாது. பயிற்சி நமக்காகக் காத்திருக்காது, ஒரு நாள் முன்கூட்டியே போய்ச் சேர்ற மாதிரி போடுங்க. அப்புறம் மாணவர் சலுகை டிக்கெட்னு யாராவது கிளப்பி விடுவாங்க. அது ஊருக்கும் காலேஜுக்கும் நடுவுல போறதுக்கும் கல்விச் சுற்றுலாவுக்கும்தான். சறுக்கப் போறவனுக்குத் தர மாட்டாங்க :-)

துணிமணியில நம்ம ஊருக்காரனுக்கு யோகம். பெரிய பெரிய விளையாட்டுக் கடையில போய் 'தெர்மல்'னு கேட்டு ஏமாறாதீங்க. திருப்பூர் பஸ் ஏறி காதர்பேட்டையில இறங்குங்க. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய எக்ஸ்போர்ட் சரக்குல மிஞ்சினது குவிஞ்சு கிடக்கும். உள்ள ஒட்டிப் போடற தெர்மல் ரெண்டு செட், நடுவுல ஃப்ளீஸ் ஒண்ணு. ஒரே எச்சரிக்கை, பருத்தி வாங்காதீங்க. பஞ்சாலையில பொழச்ச ஊர்க்காரன் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனா பருத்தி வேர்வையைக் குடிச்சுட்டு ஈரமாவே உடம்போட ஒட்டிக் கிடக்கும், பனியில அது விஷம். பாலியஸ்டரோ கம்பளியோ இருக்கட்டும். மேல போடற வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட்டும் பேன்ட்டும் ஒரு தடவைக்காக வாங்காம அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கலாம். கையுறையும் கூலிங் கிளாஸும் மட்டும் நல்லதா, சொந்தமா. பனியில பட்டுத் தெறிக்கற வெயில் கண்ணைக் கெடுத்துடும்.

இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் காசு மட்டும் பிரச்சினையில்லைங்கறதை ஒத்துக்கணும். எங்க தெருப் பையன் ஒருத்தன், மெக்கானிக்கல் மூணாவது வருஷம். டியூஷன் எடுத்துக் காசு சேர்த்துட்டான். "அண்ணா, காசு ரெடி. அட்டெண்டன்ஸ்தான் உதைக்குது"ன்னான். 75 சதவீதம் இருந்தாத்தான் பரிட்சை எழுத முடியும். செமஸ்டர் லீவு விடற டிசம்பர்ல பனி சரியா விழுந்திருக்காது. பனி கொட்டற ஜனவரி, பிப்ரவரியில வகுப்பு. இந்தக் கல்வியாண்டுக்கும் இமயமலைக்கும் ஜாதகமே பொருந்தலை. அவனுக்கு நான் சொன்னது: "தம்பி, இப்ப போகாதே. சேர்த்த காசு அப்படியே இருக்கட்டும். ஃபைனல் இயர் முடிச்சு ஜாயினிங் டேட்டுக்குக் காத்திருக்கறப்ப ஒரு ஜனவரி சும்மா கிடைக்கும் பாரு, அப்ப போ." மூணு வாரம் ஒரு பய உன்னைத் தேடாத காலம் வாழ்க்கையில அது ஒண்ணுதான். வேலைக்குச் சேர்ந்துட்டா மேனேஜர்கிட்ட ரெண்டு நாள் லீவு கேக்கவே மூச்சு முட்டும்.

அவங்க அம்மாவுக்கு வேற கவலை. "ஏங்கண்ணு, பணம் இருக்கறவங்க பண்ற வேலை இதெல்லாம். கை கால் ஒடஞ்சா யாரு பாக்கறது?" முதல் கேள்விக்கு என்கிட்ட பதில் இருந்துது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே ஆளு ஆரிஃப் கான். குல்மார்க் பக்கத்து ஊர்க்காரர், அவரோட அப்பா அங்க ஸ்கீ சாமான் கடை வெச்சிருந்தவர். அவ்வளவு ஏன், நமக்கு வடமேற்க இருக்கற குடகுல எங்கே பனி, காபித் தோட்டம்தானே? அங்க பிறந்த பவானி நஞ்சுண்டா இந்தியாவுக்காக கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் போட்டிகள்ல ஓடறாங்க.

ரெண்டாவது கேள்வி நியாயமானது, அதுக்கு மழுப்பக் கூடாது. பயிற்சி மேட்டுல முட்டி திரும்பறதும் மணிக்கட்டு பிசகறதும் நடக்கும். உயிருக்கு ஆபத்து வேற இடத்துல இருக்கு. குல்மார்க் மேல் சரிவுகள்ல 2023 பிப்ரவரியில பனிச்சரிவுல போலந்துக்காரங்க ரெண்டு பேர், 2024 பிப்ரவரியில ரஷ்யர் ஒருத்தர் இறந்தாங்க. அனுபவசாலிகள் போற சரிவு அது. ரெண்டு வாரம் கத்துகிட்ட தெம்புல அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கறது கிறுக்குத்தனம். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சாகச விளையாட்டு சேர்ந்திருக்கான்னு படிச்சுப் பாருங்க, சாதாரண டிராவல் பாலிசி பலதுல இருக்காது. மாணவர் பட்ஜெட்ல மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் இதுதான்.

எல்லாம் சரியாப் போட்டும் பனியே கைவிடலாம். 2024 ஜனவரியில குல்மார்க்ல புல்தரை தெரிஞ்சுது. 2025 பிப்ரவரியில பனி இல்லாம கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே தள்ளி வெச்சு மார்ச்ல நடத்தினாங்க. நாலு நாள் பேக்கேஜ்ல போனவனுக்கு அந்த வருஷம் போட்டோ கூட இல்லை. பதினாலு நாள் இருக்கறவனுக்கு ஏதாவது ஒரு ராத்திரி கொட்டறதுக்கு வாய்ப்பு அதிகம். என் வாதத்துக்கு இது இன்னொரு பலம்னு வெச்சுக்குங்க. ஜனவரி ஆரம்ப பேட்ச்சை விட ஜனவரிக் கடைசி, பிப்ரவரி பேட்ச்சைப் பிடிக்கறது புத்திசாலித்தனம்.

அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் படிக்கற நம்மாளுங்க 'இங்க சீசன் பாஸ் வாங்கினா இன்னும் சல்லிசு'ன்னு சொல்வீங்க. தெரியும். அதுவும் இதே கணக்குதான், ஒரு தடவை கட்டிட்டு நாள் முழுக்கச் சறுக்கறது. கஜகஸ்தானுக்கு 14 நாள் விசா இல்லாமப் போலாம், அல்மாட்டி பக்கத்துல ஷிம்புலாக் இருக்குன்னும் ஒரு நண்பர் சொன்னார். டிக்கெட் யார் எடுக்கறதுன்னு கேட்டேன், ஆளைக் காணோம்.

பி.கு: காஷ்மீர் போறவங்க கவனிக்க. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்க எடுக்காது, போஸ்ட்பெய்ட் வேணும். ஃபோன்லயே காசு குடுத்துப் பழகிட்டோம், கையில கொஞ்சம் நோட்டா வெச்சுக்குங்க. மருத்துவச் சான்றிதழைக் கிளம்பற அன்னிக்கு டாக்டரைத் தேடி ஓடி வாங்காம, விண்ணப்பம் போடற வாரமே வாங்கி வெச்சுடுங்க.