பிள்ளையின் அச்சமும் எமது காவலும்

சுவிற்சர்லாந்தில் முழுவயதுக்கான எல்லை 1996 சனவரி 1ஆம் நாள் 20இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. 18 வயது நிறைந்த பிள்ளை தன் ஒப்பந்தங்களில் தானே கையொப்பமிட வேண்டும். அப்பிள்ளையின் இசைவின்றி வைத்தியர் பெற்றோருடன் நோய் பற்றிப் பேசமாட்டார். எம்மவர் வீடுகள் பலவற்றில் அது மண்டபம் எடுத்துக் கொண்டாடும் நாள். வாசலைத் தாண்டவே நடுங்கும் பிள்ளை உள்ள வீட்டிலோ அது நெருங்கி வரும் ஒரு கெடு. சூக் மாநிலத்து எம்மவரிடையே இத்தகைய வீடுகள் இல்லை என்று எவரும் எண்ண வேண்டாம். அவற்றின் கதவுகள் சாத்தப்பட்டிருப்பதால் நாம் அறிவதில்லை.

பரீட்சைக்கு முன் வரும் சாதாரணப் பயத்தை இங்கு நான் குறிப்பிடவில்லை. எமது உளமருத்துவர்கள் பதகளிப்பு நோய் என அழைக்கும் நிலையையே குறிப்பிடுகின்றேன். பாடசாலைக்குப் புறப்படும் வேளையில் வயிற்றுவலி. தொடருந்து நிலையத்தில் நெஞ்சுப் படபடப்பும் மூச்சுமுட்டலும். தொலைபேசி ஒலித்தால் கைநடுக்கம். வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தால் நா எழாமை. இவை மாதக்கணக்கில் நீடித்துப் பிள்ளையின் படிப்பையும் நட்பையும் தின்னத் தொடங்குமாயின் அது நோய். இதனைச் சோம்பல் என்று தந்தை ஏசுவதும், கண்ணூறு என்று தாய் நூல் கட்டுவதும் எமது வீடுகளில் நடப்பனவே. இரண்டினாலும் நோய் தீர்வதில்லை.

ஆயினும், ஏச்சைவிட ஆழமாக ஆராயப்பட வேண்டியது எமது அன்பு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கிழக்கிலும் நாம் பிள்ளை வளர்த்த காலம் எத்தகையது? சுற்றிவளைப்பு, ஷெல் வீச்சு, சோதனைச்சாவடி, இடப்பெயர்வு. பிள்ளை கண்முன்னே இருந்தால் உயிரோடு இருக்கின்றது என்பதே அன்றைய கணக்கு. பொழுதுபடுமுன் படலையைச் சாத்திய தாய் அறிவோடுதான் சாத்தினாள். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வடபகுதி மக்களின் போர்க்காயத்தைத் தனிமனித நோயாக மட்டும் காணாது, குடும்பத்தையும் சமூகத்தையும் பாதித்த கூட்டு மனவடுவாகக் கண்டார். அந்தக் குடும்பந்தான் இங்கு வந்து சேர்ந்தது. போர் 2009இல் முடிந்தது, காவல் முடியவில்லை. ஊரில் உயிர் காத்த அதே காவல், சூக் ஏரிக்கரையில் பிள்ளையின் அச்சத்துக்குத் தீனியாகின்றது.

எவ்வாறெனில், அச்சமூட்டும் ஒன்றிலிருந்து விலகியதும் உடனே நிம்மதி கிடைக்கின்றது. விலகியதாலேயே தப்பினேன் என்று மனம் கற்றுக்கொள்கின்றது. மறுநாள் அச்சம் இன்னும் பெரிதாகின்றது. பிள்ளைக்காகத் தாய் கடையில் பேசுகின்றாள். தந்தை பாடசாலை வாசல்வரை காரில் கொண்டுசென்று விடுகின்றார். தமக்கை தொலைபேசி எடுக்கின்றாள். ஒவ்வோர் உதவியும் ‘உன்னால் இது இயலாது’ என்னும் செய்தியையும் சேர்த்தே கொடுக்கின்றது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலை லெபோவிற்ஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடத்தில் கருதத்தக்கது. 7 முதல் 14 வயதுவரையான 124 பிள்ளைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவில் பிள்ளைகளுக்குச் சிகிச்சை. மறு பிரிவில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. பிள்ளையின் துன்பத்தை ஏற்றுக்கொண்டு, அதனைத் தாங்கும் வலு பிள்ளைக்கு உண்டு என்று கூறவும், அச்சத்துக்கு இடங்கொடுக்கும் பழக்கங்களைக் குறைக்கவும் பெற்றோர் பழகினர். பெற்றோர் பெற்ற பயிற்சி, பிள்ளைகள் பெற்ற சிகிச்சைக்குக் குறையாத பயனைத் தந்தது.

இதன் பொருள் பிள்ளையை ஏரியில் தள்ளி நீந்தப் பழக்குவதன்று. படி வைத்தே ஏற்ற வேண்டும். முதலில் தந்தையுடன் சூக் நிலையத்திலிருந்து அயல் நகரான பார் வரை ஒரு பயணம். அடுத்துத் தந்தை வேறு பெட்டியில். பின்னர் தந்தை அங்கே காத்திருக்கப் பிள்ளை தனியே. ஒவ்வொரு படியையும் பிள்ளையுடன் பேசியே தீர்மானிக்க வேண்டும். அச்சம் முற்றாக நீங்கும்வரை காத்திருப்பதிற் பயனில்லை. அச்சத்தோடு போய்வரப் பழகுவதே பயிற்சி.

காலமும் அதிகம் இல்லை. இந்நாட்டில் கட்டாயக் கல்வி 15, 16 வயதில் முடிகின்றது. இளையோரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் தொழிற்கல்விக்குச் செல்கின்றனர். அதற்குமுன் தொழிலகத்தில் சில நாட்கள் பழகிப் பார்க்கும் ‘ஷ்னுப்பர்’ நாட்கள் உண்டு. அவற்றுக்குப் பிள்ளையே தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும் என்பது இங்குள்ள எதிர்பார்ப்பு. பெற்றோருக்கு டொச் மொழி போதாது. பிள்ளைக்குத் துணிவு போதாது. அந்த ஓர் அழைப்பிலேயே வழி அடைபட்டுவிடுகின்றது. ஆகவே, இறுதியாண்டுவரை காத்திராது முன்கூட்டியே ஆசிரியரிடம் நிலைமையைக் கூற வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுப் பயிற்சி பாரமாயின், தனிப்பட்ட துணையுடன் கூடிய இரண்டு ஆண்டுப் பயிற்சி உண்டு. சூக் மாநிலத்தில் பாடசாலைக்கும் தொழிலுக்கும் இடையே பாலமாக அமையும் வகுப்புகளும் உண்டு. இவற்றைத் தாழ்வெனக் கருதுவோர், ஊரார் வாய்க்காகப் பிள்ளையின் வாழ்வைப் பணயம் வைக்கின்றனர்.

‘இன்வலீடன்’ காப்புறுதி என்ற பெயரைக் கேட்டதும் ‘என் பிள்ளை ஊனமா?’ என்று சினப்போர் உளர். அது சம்பளத்திலிருந்து நாம் கட்டும் காப்புறுதி, பிச்சையன்று. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 13 வயது முதலே இளையோரை இனங்கண்டு தொழிற்பயிற்சிக்கு வழிகாட்ட அது முன்வருகின்றது. 2022 யூலை முதல், வைத்தியரின் பணிப்புடன் உளவியலாளரிடம் பெறும் சிகிச்சைக்கு அடிப்படை மருத்துவக் காப்புறுதியும் பொறுப்பேற்கின்றது. தஞ்சக் கோரிக்கை முடிவாகாதோருக்கும் மருத்துவக் காப்புறுதி உண்டு. வைத்தியர் மறைகாப்புக்குக் கட்டுப்பட்டவர். ஊருக்குச் செய்தி போய்விடும் என அஞ்ச வேண்டியதில்லை. சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேளுங்கள். நோயுற்ற பிள்ளையையோ அதன் சகோதரரையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசுமாயின் படி வைக்கும் வேளை அதுவன்று. உடனே வைத்தியரை நாட வேண்டும், அவசரமெனில் 144ஐ அழைக்க வேண்டும். பெற்றோரிடம் சொல்ல இயலாததைச் சொல்லப் பிள்ளைகளுக்கென ‘புறோ யுவென்ரூற்ரே’ அமைப்பின் 147 என்னும் இலவச இலக்கம் இரவும் பகலும் உண்டு. அதனைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

‘18 வயதில் பிள்ளையை வெளியே அனுப்புவது எமது வழக்கமன்று’ என்பர். உண்மை, அனுப்பவும் வேண்டியதில்லை. எம் வீட்டிலேயே இருந்து, தன் கடிதத்தைத் தானே பிரித்து, தன் வைத்தியரிடம் தானே பேசி, வேலைக்குப் போய் மாலையில் திரும்பி வரும் பிள்ளையும் சுதந்திரமான மனிதரே. நாம் என்றும் இருக்கப்போவதில்லை. எமக்குப் பின்னும் அந்தக் கதவைத் திறக்க அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.