ஆர்டர் குவியும் நாளில் கடை கவிழலாமா?

ஓணம் நெருங்கினால் நாகர்கோவில் பக்கம் எண்ணெய்ச் சட்டிகளுக்கு ஓய்வே கிடையாது. ஏத்தங்காய் சிப்ஸும் சர்க்கரை உப்பேரியும் இப்போது இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும்கூட விற்கின்றன. வீட்டு அடுக்களையில் தொடங்கிய தொழிலுக்கு ஒரு ரீல்ஸ் வைரலானால் போதும், ஆர்டர் குவிந்துவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஓணம் முடிந்த மறுநாள் உப்பேரி வந்து சேர்ந்தால், வாங்கியவர் அடுத்த வருடம் உங்கள் பக்கமே வரமாட்டார்.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2014 அக்டோபர் 6-ம் தேதி ஃப்ளிப்கார்ட் 'பிக் பில்லியன் டே' நடத்தியது. 10 மணி நேரத்தில் 10 கோடி டாலருக்கு விற்றதாக அறிவித்தது. ஆனால், தளம் திணறியது, பொருள்கள் தீர்ந்தன, பதிவான ஆர்டர்கள் ரத்தாயின. மறுநாளே நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினார்கள். அடுத்த வருடம் அதே விற்பனையை ஐந்து நாள்களாகப் பிரித்துக்கொண்டார்கள்.

சிறு தொழிலுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

உங்கள் அளவு என்ன?
ஒரு நாளில் 40 கிலோ வறுக்கலாம். பாக்கெட் போட ஒருவர்தான், அவரால் 25 கிலோதான் முடியும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் அளவு 25 கிலோ. இன்னொரு சட்டி வாங்கிப் பயனில்லை. பாக்கெட் போட ஆள் சேர்ப்பதுதான் வழி.

பின்னாலிருந்து எண்ணுங்கள்
திருவோணத்துக்கு 2 நாள் முன்பு பார்சல் சேர வேண்டும். கூரியருக்கு 4 நாள். 250 கிலோ ஆர்டருக்கு உங்களுக்கு 10 நாள். ஆக, 16 நாளுக்கு முன்பே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். 250 கிலோ நிறைந்ததும் ஆர்டரை மூடிவிடுங்கள். 'தீர்ந்துவிட்டது' என்று சொல்வதால் பெயர் கெடாது. பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பாமல் இருந்தால்தான் கெடும்.

ஒரு வேலை, ஒரு பெயர்
'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்ட வேலையை யாரும் பார்க்க மாட்டார்கள். கூகுள் ஷீட்டில் ஒவ்வொரு ஆர்டருக்கும் நேராக, யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். காலையில் 10 நிமிடம் எல்லோரும் சேர்ந்து அதைப் பாருங்கள். சீசன் முடிந்ததும், எங்கே தாமதமானது என்று குறித்துவையுங்கள். அடுத்த வருடத் திட்டம் அதிலிருந்துதான் தொடங்கும்.

நம் தோவாளை பூச்சந்தையைப் பாருங்கள். விடியும் முன்பே பூ வந்து இறங்கி, விலை பேசி, மூட்டை கட்டி, கேரளத்துக்கு வண்டியேறுகிறது. வாடினால் விலையில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆன்லைனில் நாம் தரும் தேதியும் பூ மாதிரிதான்.