சனிக்கிழமை வாங்கிக்கோங்க

போன மாசம் எங்க ஊர்ல ஒரு சபைக் கூட்டம். சென்னையிலிருந்து வந்த ஐடி சகோதரர் ஒருத்தர் பேசினார். வேலை செய்யற இடத்துல கிறிஸ்தவனா வாழறது எப்படிங்கிறதுதான் தலைப்பு. மேஜை மேல வேதாகமம் வைக்கணும், சாப்பிடறதுக்கு முன்னாடி ஜெபிக்கணும், ஆபீஸ் பார்ட்டியில குடிக்கக்கூடாது, ஸ்டேட்டஸ்ல தினம் ஒரு வசனம் போடணும். எல்லாரும் தலையாட்டினோம். ஒன்றரை மணி நேரத்துல சம்பளம்ங்கிற வார்த்தை ஒரு தடவைகூட வரல.

என் ஆபீஸ் ரெண்டு ஏக்கர் வாழை. மேஜை கிடையாது. என்னைக் கிறிஸ்தவன்னு அங்க எதை வச்சுக் கண்டுபிடிப்பாங்க? பம்புசெட் சுவத்துல எழுதியிருக்கிற வசனத்தை வச்சா?

முதல்ல என் யோக்கியதையைச் சொல்லிடறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு புதன்கிழமை, களை வெட்ட ஆறு பேர் வந்தாங்க. சாயங்காலம் வழக்கம்போல "சனிக்கிழமை வாங்கிக்கோங்க"ன்னேன். மூத்த அக்கா ஒருத்தங்க மட்டும் போகாம நின்னாங்க. "தம்பி, பேத்திக்குக் காய்ச்சல். எனக்கு இன்னைக்கே தந்தா உபகாரமா இருக்கும்." "சில்லறை இல்லக்கா"ன்னேன். பொய். சட்டைப்பையில பணம் இருந்தது. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்களேன்னு கணக்கு. சனிக்கிழமையும் யாவாரி பணம் வரலன்னு சொல்லிப் பாதிதான் குடுத்தேன்.

மறுநாள் கோயில்ல அறுப்பின் பண்டிகை. பட்டணத்து ஆளுகளுக்குச் சொல்றேன்: விளைஞ்சதுல முதல் பலனைக் காணிக்கையா வைப்போம், பிறகு அதை ஏலம் விடுவாங்க. நான் ஒரு வாழைத்தாரை 2,600 ரூபாய்க்கு எடுத்தேன். பயங்கரக் கைதட்டு. அந்த ஆறு பேருக்கும் ஒரு நாள் கூலி, தலைக்கு 350 வீதம், 2,100.

திங்கக்கிழமை அக்கா கேட்டாங்க: "தாரு பெரிய தாராமே தம்பி?" கிண்டலா, நிஜமாத்தான் கேட்டாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. மாத்திரை வாங்க வார வட்டிக்கு 500 வாங்கினாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. கூலிக்காரனோட கூலியை ஒரு ராத்திரிகூட வச்சிருக்க விடல. உபாகமம் 24ல பொழுது அடையறதுக்குள்ள குடுத்துடணும்னு இருக்கு. இயேசு சொன்ன திராட்சத்தோட்டக் கதையிலயும் சாயங்காலமே கணக்கைத் தீர்த்துடறாங்க. இதையெல்லாம் ஏன் யாரும் சுவத்துல எழுதறதில்ல?

விவசாயிக்கே பணம் லேட்டாத்தானே வருதுன்னு கேப்பீங்க. வாஸ்தவம். யாவாரி என்னை இழுத்தடிக்கிறான். அதுக்காக அந்த இழுத்தடிப்பை அப்படியே கீழ இருக்கிற பொம்பளைக்குத் தள்ளிவிட நான் யாரு? எனக்காவது கூட்டுறவுச் சங்கத்துல கடன் குடுப்பாங்க.

நகரத்துக் கிறிஸ்தவங்களே, உங்களைத்தான். வீட்டு வேலைக்கு வர்றவங்க ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தா சம்பளத்தைப் பிடிக்கறீங்களா? ஆபீஸ்ல உங்க கையெழுத்துக்காக ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்காரரோட பில் காத்துக்கிட்டு இருக்கா? சிறு தொழில்காரங்களுக்கு 45 நாளைக்கு மேல பாக்கி வைக்கக்கூடாதுன்னு 2006ஆம் வருஷச் சட்டமே சொல்லுது. அந்தப் பில்லை இன்னைக்கே அனுப்புங்க, அப்புறம் வசனம் அனுப்புங்க. பார்ட்டியில குடிக்காம இருக்கிறது சுலபம், உங்க பையிலிருந்து ஒரு ரூபாயும் போகாது.

இப்ப நான் அன்னன்னைக்கே குடுத்துடறேன். போன்ல ஜிபே இருக்கு, சில்லறைப் பொய்யும் எடுபடாது. ஆனா ஒண்ணு பாக்கி இருக்கு. வாழைக்கு உரம் வைக்க ஆம்பளை, பொம்பளை ரெண்டு பேரும் ஒரே வரிசையிலதான் குனியறாங்க. ஆம்பளைக்கு 700, பொம்பளைக்கு அதுல பாதி. ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு 1976லயே சட்டம் வந்தாச்சு. கூட்டிக் குடுத்தா பக்கத்துத் தோட்டக்காரங்க சண்டைக்கு வருவாங்க, அதுல நாலு பேர் எங்க சபைதான். அடுத்த உரம் தை மாசம் வைக்கணும். அதுக்குள்ள அவங்ககிட்ட பேசியாகணும்.